வானத்திலிருந்து பாட்டு தேடி வந்தவன்

1963ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி வெளியான ஒரு தமிழ்ப் படத்தில் வேற்றுக் கிரகத்து ஆள் ஒருவன் பூமிக்கு வருகிறான். நாடு பிடிக்கவோ பொன்னையும் பொருளையும் அள்ளிப் போகவோ அவன் வரவில்லை. அவனுடைய கிரகத்தில் விஞ்ஞானம் கொடிகட்டிப் பறக்கிறது. விண்ணில் பறக்க ஊர்தி இருக்கிறது, தொலைவில் நடப்பதைப் பார்க்கத் திரை இருக்கிறது. பாட்டும் ஆட்டமும் மட்டும் கிடையாது. பூமியில் நன்றாகப் பாடி ஆடத் தெரிந்த பெண் யார் என்று அந்தத் திரையிலேயே தேடிக் கண்டுபிடித்து, அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். தன் ஊர் இளவரசிக்கு அவள் கலை சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்பது.

படத்தின் பெயர் ‘கலை அரசி’. தூக்கிப் போனவர் எம்.என்.நம்பியார். போனவர் பி.பானுமதி. அவரை மீட்க விண்ணேறியவர் எம்.ஜி.ஆர். இந்தியத் திரையில் வேற்றுக் கிரகவாசிகளைக் காட்டிய முதல் படம் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

படம் வந்த காலத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் 2 ஆண்டுதான் ஆகியிருந்தது. கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21. அப்படியென்றால் நம்முடைய முதல் ராக்கெட்டுக்கு 7 மாதம் முன்பே எம்.ஜி.ஆர் வேறு கிரகத்துக்குப் போய்த் திரும்பிவிட்டார். தும்பாவில் ஒரு மாதா கோவில்தான் அலுவலகம். ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோன காலம் அது. நாடே அப்படிச் சிக்கனமாக விண்வெளியைத் தொடங்கியபோது கோடம்பாக்கம் ஒட்டுப்பலகையையும் வண்ணம் தீட்டிய திரையையும் வைத்துத் தொடங்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னொரு இடத்தில் அப்போது விஞ்ஞானம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் காடாம்புலியூர் இருக்கிறது. செம்மண், முந்திரித் தோப்பு, பலா மரம் என்று அந்த வட்டாரத்துக்கே உரிய முகம். அதன் பக்கத்தில்தான் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டப் போய்க் கறுப்பாக ஏதோ வருகிறதே என்று கவனித்தார். பழுப்பு நிலக்கரியின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. 1956 நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது. ‘கலை அரசி’ கொட்டகைக்கு வந்தபோது அந்த மின் நிலையத்துக்கு ஒரு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.

இந்த வட்டாரத்துச் சனங்களை நினைத்துப் பார்த்தால் அந்தப் படத்தின் மதிப்பு இன்னும் நன்றாக விளங்கும். ஏர் ஓட்டிய பூமியில் ஜெர்மனியிலிருந்து வந்த பிரம்மாண்டமான சக்கர இயந்திரங்கள் பற்கள் வைத்த வாளிகளால் மண்ணைச் சுரண்டி எடுத்தன. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்பதால், அதை ராப்பகலாக இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். சுரங்கத்துக்காக ஊர்களே இடம் பெயர்ந்தன. இயந்திரம் என்றால் என்ன, அது வந்தால் வாழ்க்கை எப்படிப் புரளும் என்று யாரும் அவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் முன்னால் ஒரு தகர விண்கலத்தைக் காட்டி வாய்பிளக்க வைக்க முடியாது. படத்துக்கு வேறு ஏதோ ஒன்று வேண்டும். அந்த ஒன்று ‘கலை அரசி’யிடம் இருந்தது: எல்லாக் கருவியும் வந்த பிறகு மனிதனுக்கு என்ன குறையும் என்ற கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் தமிழ்ப் படவுலகம் இன்னொரு வாசலைத் தட்டிப் பார்த்திருந்தது. அது சேலத்தில்.

டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படத்துக்கு மேல் எடுத்த நிறுவனம். 1952இல் அது அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு கைகோத்து ‘காடு’ என்ற படத்தைக் கொண்டுவந்தது. அங்கே அதற்குப் பெயர் ‘தி ஜங்கிள்’. வில்லியம் பெர்க் இயக்கம். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்று ஹாலிவுட் முகங்கள். ஒரு சமஸ்தானத்தில் யானைகள் காரணமில்லாமல் மிரண்டு ஊருக்குள் புகுந்து அழிக்கின்றன. காரணம் தேடி இளவரசியும் வேட்டைக்காரரும் காட்டுக்குள் போகிறார்கள். போய்ப் பார்த்தால், பனியுகத்தோடு அழிந்துபோனதாக நினைத்த மாமத் யானைகள் உயிரோடு திரிகின்றன. அவற்றுக்குப் பயந்துதான் காட்டு யானைகள் ஓடி வருகின்றன.

மாமத்துக்கு எங்கே போவது? நம்முடைய யானைகளுக்கே சடை முடி போர்த்தி, நீளத் தந்தம் மாட்டி நடக்கவிட்டார்கள். இந்தியாவின் முதல் அறிவியல் புனைவுப் படம் எது என்ற பேச்சு வந்தால் இன்றும் ‘காடு’தான் முதலில் எழும். இந்தக் கூட்டணியில் கவனிக்க வேண்டியது லிப்பர்ட் யார் என்பது. 1950இல் ஹாலிவுட்டில் ‘டெஸ்டினேஷன் மூன்’ என்ற பெரிய படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, அதை முந்த வேண்டும் என்று 18 நாளில் படப்பிடிப்பை முடித்து ‘ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்’ என்ற விண்வெளிப் படத்தைக் களத்தில் இறக்கிய நிறுவனம் அது. குறைந்த காசில், குறைந்த நாளில், கையில் இருப்பதை வைத்து எடுப்பது என்பதில் சேலமும் லிப்பர்ட்டும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

சேலத்துக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1940இல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ அங்கே எடுத்ததுதான். தமிழில் டபுள் ஆக்ட் என்ற வித்தை அதிலிருந்து வளர்கிறது. விஞ்ஞானப் படத்தின் வரலாற்றில் இதற்கென்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. ‘கலை அரசி’யில் பானுமதிக்கு இரட்டை வேடம். எம்.ஜி.ஆரும் கோமாளி வேடத்தில் இன்னொரு முறை வருகிறார். விண்வெளிப் படத்தின் தந்திரக் காட்சிகள் எந்தப் பட்டறையில் உருவானவை என்பதை டபுள் ஆக்ட்டைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் காட்சியை எடுப்பது இப்படித்தான். கேமராவை அசையாதபடி ஓரிடத்தில் நிலைநிறுத்துவார்கள். லென்சுக்கு முன்னால் கறுப்பு அட்டையை வைத்து ஒரு பாதியை மறைத்துவிடுவார்கள். அதற்கு மாஸ்க் என்று பெயர். நடிகர் திறந்திருக்கும் பாதியில் நின்று, எதிரே ஆள் இல்லாமலே ஆள் இருப்பதுபோல் பேசி நடிக்க வேண்டும். பிறகு ஓடிய பிலிமைத் துல்லியமாக அளவு பார்த்துப் பின்னால் சுற்றி, அட்டையை அடுத்த பாதிக்கு மாற்றி, நடிகர் வேறு உடையில் மறுபக்கம் வந்து, முன்பு தானே விட்ட இடைவெளிக்குள் சரியாகப் பதில் பேசுவார். இடையில் ஒரு விளக்கு இடம் மாறினாலும், கேமராவை யாராவது தெரியாமல் தட்டினாலும் நட்டநடுவே கோடு விழும். கோடு கண்ணில் படாமலிருக்க இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு தூணையோ கதவு விளிம்பையோ திரைச்சீலையையோ வைப்பது வழக்கம். நடிகரின் கை அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் வெட்டுப்பட்டதுபோல் மறைந்துபோகும். இவ்வளவும் சரியாக வந்ததா என்பது லேபில் பிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. தவறியிருந்தால் இரண்டு பாதியும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கைகள்தான் அதுவரை நாரதரை மேகத்தில் நிற்க வைத்தன. அசுரனை மாயமாக்கின, தேவலோகத்தைக் கட்டின. 1957இல் ‘மாயா பஜா’ரில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி காட்டிய வித்தைகளை இன்று பார்த்தாலும் பிரமிப்பு அடங்காது. புராணப் படத்தில் புகை போட்டு மேகம் செய்தவர்கள்தான் விஞ்ஞானப் படத்திலும் புகை போட்டு விண்வெளி செய்தார்கள். அரண்மனை செட் போட்ட தச்சர்கள்தான் வேற்றுக் கிரகத்துக்கும் செட் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்திறங்கிய கலையாக இதைப் பார்ப்பது தவறு. தமிழில் விஞ்ஞானப் படம் புராணப் படத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை.

ஆனால் அம்மாவின் கதையை அது அப்படியே சொல்லவில்லை என்பதில்தான் ‘கலை அரசி’யின் துணிச்சல் இருக்கிறது. அதுவரை நம் படங்களில் வானம் தேவர்களின் போக்குவரத்துப் பாதை. வரம் கொடுக்க வருவார்கள், சாபம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இயக்குநர் ஏ.காசிலிங்கமும் கதை எழுதிய டி.இ.ஞானமூர்த்தியும் அதே வானத்திலிருந்து வரமும் சாபமும் கொடுக்கத் தெரியாத ஒருவனை இறக்கினார்கள். அவன் நம்மைவிடப் பெரிய படிப்பாளி, ஆனால் நம்மிடம் கற்றுக்கொள்ள வருகிறான். காசிலிங்கம் படத்தொகுப்பாளராக இருந்து இயக்கத்துக்கு வந்தவர், 1950இல் எம்.ஜி.ஆர் நடித்த ‘மருதநாட்டு இளவரசி’யை இயக்கியவர். பகுத்தறிவு பேசிய காலம், எம்.ஜி.ஆர் திராவிட இயக்கத்தின் முகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம். சாமி இறங்காத ஒரு வானத்தைத் திரையில் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் அமைந்திருக்காது.

கதையில் குறைகள் இருக்கத்தான் செய்கின்றன. பூமியில் சொத்துக்காக நடக்கும் சதி, உருவ ஒற்றுமையால் வரும் குழப்பம் என்று அன்றைய படங்களின் வழக்கமான சரக்கு பாதிப் படத்தை எடுத்துக்கொள்கிறது. வேற்றுக் கிரகத்தவர் உடையைப் பார்த்தால் ராஜா ராணி நாடகத்தின் மூட்டையிலிருந்து எடுத்ததுபோல் இருக்கும். எம்.ஜி.ஆரின் பெரிய வெற்றிப் படங்களின் வரிசையில் இதை யாரும் வைப்பதில்லை. அதே 1963இல்தான் ‘பெரிய இடத்துப் பெண்’ணும் வந்தது, அதன் புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

அப்படியும் படம் பிழைத்துக்கொண்டது. பிழைக்க வைத்தவை டூரிங் டாக்கீஸ்கள்.

நகரத்துக் கொட்டகையில் ஒரு படத்தின் ஆயுள் சில வாரம். கிராமத்துக் கூடாரத்தில் அதற்குக் கணக்கே இல்லை. பண்ருட்டி, காடாம்புலியூர், வடலூர் என்று போகும் பாதைபோலத் தமிழகத்தில் ஆயிரம் பாதைகள். ரீல் பெட்டி ஒவ்வோர் ஊராக ஏறி இறங்கும். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் ஓர் இடைவேளை, முறுக்கும் கலரும் விற்கிறவர்கள் உள்ளே வருவார்கள். கூம்பு ஒலிபெருக்கியில் சாமி பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று பொருள். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார, பின்னால் இருப்பவர்கள் சண்டைக்கு வர, அதற்குள் படம் தொடங்கிவிடும். எம்.ஜி.ஆர் படம் என்றால் பழசு புதுசு பார்க்க மாட்டார்கள். சென்னையில் சுமாராகப் போன ‘கலை அரசி’, எம்.ஜி.ஆர் என்ற மூன்றெழுத்தின் பலத்தில் ஊர் ஊராகச் சுற்றியது. பிறகு தொலைக்காட்சி அதை எடுத்துக்கொண்டது. இப்போது யூடியூப்பில் அந்த விண்கலக் காட்சிகளை வெட்டிப் பகிர்கிறவர்கள் பலருக்கு, படம் வெளியானபோது பெற்றோரே பிறந்திருக்க மாட்டார்கள். வசூலால் பெரிய படமாகாத ஒன்று, பார்த்தவர்கள் விடாமல் பேசிப் பேசியே பெரிய படமாவது இப்படித்தான்.

அடுத்த அரை நூற்றாண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1986இல் சுஜாதா எழுதிய ‘விக்ரம்’ வந்தது. கமல்ஹாசன், கணினி, கடத்தப்பட்ட ஏவுகணை என்று செலவு செய்து எடுத்த படம். ஏவுகணைக்கு சுஜாதா வைத்த பெயர் அக்னிபுத்ரா. நிஜமான அக்னி ஏவுகணையின் முதல் சோதனை நடந்தது 1989 மே மாதம். அதே 1989இல் வேலு பிரபாகரன் ‘நாளைய மனித’னை இயக்கினார். இறந்தவரை உயிர்ப்பிக்கும் மருந்து, அதைத் தவறாகப் பயன்படுத்தியதால் எழுந்து வரும் பயங்கர மனிதன். பெரிய கருவிகள் எதுவுமில்லை. ஒரு பரிசோதனைக்கூடம், இருட்டு, அஜய் ரத்னத்தின் உயரம். 90களில் தொலைக்காட்சி முன்னால் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு அதைப் பார்த்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டே ‘அதிசய மனிதன்’ என்று இரண்டாம் பாகமும் வந்தது. 2010இல் ‘எந்திரன்’ வந்தபோது, பணம் இருந்தால் தமிழில் எதையும் காட்ட முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்குப் பதில் 2015 ஜூன் 26 அன்று வந்தது. படம் ‘இன்று நேற்று நாளை’. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகிய ஆர்.ரவிகுமாருக்கு அது முதல் படம். கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் அந்தப் பட்டறையில் பயின்றவர்கள்தான். ‘அட்டகத்தி’, ‘பீட்சா’, ‘சூது கவ்வும்’ என்று சிறிய படங்களால் பெரிய பெயர் எடுத்திருந்த சி.வி.குமார் தயாரிப்பில் பங்கெடுத்தார்.

2065இல் ஒரு விஞ்ஞானி கால இயந்திரம் செய்கிறார். அந்தச் சின்ன வேடத்தில் ஆர்யா. சோதனைக்காக அதை 2015க்கு அனுப்ப, அது திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிடுகிறது. கிடைப்பது யாருக்கு? ஒருவன் இளங்கோ, யாரிடமும் கைகட்டி வேலை பார்க்க மாட்டேன், சொந்தமாகத் தொழில் செய்வேன் என்று திரிகிறவன். இன்னொருவன் புலிவெட்டி ஆறுமுகம், பிழைப்புக்காக ஜோசியம் பார்க்கிறவன். விஷ்ணு விஷாலும் கருணாகரனும் இந்த இரண்டு வேடத்தில்.

ஹாலிவுட் நாயகன் கையில் கால இயந்திரம் கிடைத்தால் உலகத்தைக் காப்பாற்றப் போவான். இவர்கள் ஜோசியக் கடையை விரிவுபடுத்துகிறார்கள். தொலைந்துபோன பொருளைக் கேட்டு வருகிறவரிடம் நாள், நேரம் விசாரித்துக்கொண்டு, அந்த நேரத்துக்கே போய்ப் பொருள் எங்கே விழுந்தது என்று பார்த்துவந்து ‘சோழி சொல்கிறது’ என்ற தோரணையில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பவுன் நகை காணாமல் போனால் முதலில் ஜோசியரைத்தான் பார்க்க வேண்டும் என்று நம்பும் எந்த ஊருக்கும் இதில் விளக்கம் தேவையில்லை. நேரம் பார்த்துக் கல்யாணம் முடித்து, நேரம் பார்த்து வீடு குடிபுகும் சமூகத்துக்குக் காலப் பயணம் அந்நியமான கருத்தா என்ன? ரவிகுமார் சரியான நரம்பைத் தொட்டார்.

தொட்டுவிட்டுச் சும்மா விடவில்லை என்பதுதான் முக்கியம். இவர்கள் கடந்த காலத்தில் செய்யும் ஒரு சின்னப் பிசகால், போலீஸ் என்கவுண்டரில் செத்திருக்க வேண்டிய குழந்தைவேலு என்ற ரவுடி தப்பிவிடுகிறான். நிகழ்காலத்துக்குத் திரும்பினால் அவன் உயிரோடு உலவுகிறான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை நிமிர்ந்து உட்காரும் இடம் அது. காரண காரிய முடிச்சுகளைப் பல முறை பார்த்துச் சரிபார்க்கலாம். பலர் அதற்காகவே மறுபடி மறுபடி பார்த்தார்கள். கிராபிக்ஸ் செலவு செய்ய வேண்டிய இடத்தில் திரைக்கதை செலவு செய்திருக்கிறது. படம் வெளியாகிப் பல ஆண்டு கழித்தும் தொலைக்காட்சியில் ஓடினால் சேனலை மாற்றாமல் உட்காருகிறவர்களைத் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

உலகத்திலும் இந்த வகைப் படங்களின் ஜாதகம் இதுதான். ஜான் கார்பென்டரின் ‘டார்க் ஸ்டார்’ (1974) மாணவர் படமாகத் தொடங்கியது. அதில் வரும் வேற்றுக் கிரகப் பிராணி, கால் முளைத்த ஒரு கடற்கரைப் பந்து. ஷேன் கரூத் சுமார் 7,000 டாலரில் எடுத்த ‘பிரைமர்’ 2004இல் சண்டான்ஸ் விழாவின் தலையாய பரிசை வென்றது. அதில் கால இயந்திரம் ஒரு சாதாரணப் பெட்டி. பந்தையும் பெட்டியையும் நம்ப வைத்தது எழுத்து.

‘இன்று நேற்று நாளை’க்குப் பிறகு கதவு திறந்துகொண்டது. சி.வி.குமாரே 2017இல் ‘மாயவன்’ என்ற அறிவியல் புனைவை இயக்கினார். ரவிகுமாரின் அடுத்த படம் ‘அயலான்’ நீண்ட தாமதத்துக்குப் பிறகு 2024 பொங்கலுக்கு வந்தது. அதில் சிவகார்த்திகேயன் இயற்கை விவசாயத்தில் பிடிப்புள்ள கிராமத்து ஆள். வேற்றுக் கிரகவாசி முழுக்கக் கணினியில் உருவானவன். 61 ஆண்டில் ஒட்டுப்பலகை போய்க் கணினி வந்துவிட்டது. வந்திறங்குகிறவனுக்கு நம் ஊர்க்காரனின் துணை தேவைப்படுவது மட்டும் மாறவில்லை.

கணினியில் உருவானவற்றுக்குப் பிரதிகள் பத்திரமாக இருக்கும். பழைய படங்களின் நிலை அப்படியில்லை. சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல்தான்; அதற்கு முந்தைய தமிழ்ப் படங்களில் எத்தனையோ அழிந்துபோய்விட்டன. மலையாளத்தில் அரவிந்தனின் ‘கும்மாட்டி’யையும் ‘தம்பு’வையும் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் சட்டம் சட்டமாகத் துப்புரவு செய்து மீட்டது; ‘தம்பு’ 2022இல் கான் விழாவில் புதுப் பொலிவோடு திரையேறியது. கலைப் படங்களுக்குக் கிடைக்கும் அந்தக் கவனிப்பு ‘காடு’க்கும் ‘கலை அரசி’க்கும் கிடைக்க வேண்டும். யானைக்குச் சடை கட்டிய ஒப்பனைக்காரரின் கைவேலையும், மாஸ்க் கோடு தெரியாமல் பானுமதியை இரண்டாக்கிய கேமராக்காரரின் கைவேலையும் கீறல் விழுந்த யூடியூப் பிரதியில் சரியாகத் தெரிவதில்லை. நெகட்டிவோ நல்ல பாசிட்டிவோ எங்கே இருக்கிறது என்று தேடும் வேலையை அரசின் திரைப்படக் கல்லூரியோ ஒரு பல்கலைக்கழகமோ இப்போதே கையில் எடுத்தால் நல்லது. பிலிம் வெயிலிலும் ஈரத்திலும் ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டிருக்கிறது.